பயங்களை எழுதும் நோட்டு

ஹாலிஃபாக்ஸ், யார்க்‌ஷயர்
12 மார்ச் 1934

அன்புத் தம்பி பெர்ட்டுக்கு,

அக்கா எதெல் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு இருமல் விட்டது, கண்தான் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வருகிறது. இப்போதெல்லாம் முகம் பார்த்து ஆளை அறிவதில்லை, குரல் கேட்டுத்தான் அறிகிறாள். நீ போய் மூன்று வாரம் ஆகிறது. ஒரு வரி எழுதக் கை வலிக்கிறதா உனக்கு?

"ஓய்வாக இருக்கிற பெரிய மனிதர் ஒருவரிடம் செயலாளர் வேலை" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். நானும் நம்பி ஆறு ஜோடி காலுறை பின்னிக் கொடுத்தேன். போன சனிக்கிழமை உன் அறையைப் பெருக்கும்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு புத்தகம் விழுந்தது. எழுதியவர் ஆப்ரி வெல்லகாட். உள்ளே ஐயாவின் படம். ஜன்னல் திரையைக் கழற்றிப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு கத்தியோடு நம்மை முறைக்கிறார். இவர்தானா உன் பெரிய மனிதர்? ஆவியை அழைப்பது எப்படி, பெயரை வைத்தே ஆளைக் கட்டுவது எப்படி என்று முந்நூறு பக்கம் எழுதித் தள்ளியிருக்கிறார். ஓரமெல்லாம் உன் பென்சில் கோடு.

அம்மாவிடம் மூச்சு விடவில்லை. ஆலையில் எனக்கு அடுத்த தறியில் இருக்கிற மேபலிடம் மட்டும் காட்டினேன். "ஏண்டி, இந்த ஆளு சாயங்காலம் என்ன சாப்பிடுவாரு, பச்சைப் புள்ளையையா?" என்றாள். இருவரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன், பெர்ட். பட்டப்பகலில் போட்டேன். எனக்கு இது பிடிக்கவில்லை.

ஈஸ்டருக்காவது வந்து முகத்தைக் காட்டு. குளிரில் திரியாதே.

உன் அக்கா,
எதெல்

சதுப்பு வீடு, நார்ஃபோக்
25 மார்ச் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மிக நலம். அம்மாவும் நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பொய் சொல்லிவிட்டு வந்ததற்கு மன்னித்துவிடு. உண்மையைச் சொல்லியிருந்தால் நீ என் காலணியை ஒளித்து வைத்திருப்பாய்.

உன் கடிதத்தை உணவு மேசையில் ஆசானிடம் கொடுத்தேன். ஜன்னல் திரை விஷயத்தைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்க அக்கா நாக்கு இருக்கே பெர்ட், அதை அப்படியே எடுத்து என் பழைய சீடனுங்க தலைக்குள்ள வெச்சா உருப்பட்டிருப்பானுங்க" என்றார். நீ நினைக்கிற மாதிரி ஆள் இல்லை அக்கா. அறுபத்தேழு வயது. மூச்சிரைப்பு உண்டு. இந்த நாட்டில் இந்த வித்தையைப் பற்றி அவர் அளவுக்குத் தெரிந்தவர்கள் இன்னும் இருவர் இருக்கலாம். எனக்கு அவர் புத்தகங்களே பள்ளிக்கூடம். இப்போது அவருடைய ஏழாவது நூலை நான் தட்டச்சு செய்கிறேன். சில பக்கங்களை "நீயே எழுதுடா, பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறார். நான் எழுத்தாளன் ஆகப்போகிறேன் அக்கா.

வீட்டில் நானும் அவரும்தான். சமையலுக்கு ஊருக்குள்ளிருந்து பெக் அம்மா வருவார். மெதடிஸ்ட் சபைக்கு அடுத்த வீடு அவருடையது. முணுமுணுத்துக்கொண்டே நல்ல மீன் பொரிப்பார்.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. தினம் காலையில் கறுப்பு அட்டை நோட்டில், எதற்குப் பயப்படுகிறோம் என்று எழுத வேண்டும். ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஆசான் அதைப் படித்து அந்தப் பயத்தை நம் முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்துவார். "பயப்படறவனுக்கு ஒரு முதலாளி இருக்கான். உன் முதலாளி யாருன்னு எனக்குத் தெரியணும்" என்பார். அந்நியர்கள் முன் பேசப் பயம் என்று எழுதினேன். சந்தை நாளன்று என்னைக் கூட்டிப்போய்ப் பீப்பாய் மேல் ஏற்றிப் பாட்டுப் பாடச் சொன்னார். பன்றி விற்க வந்தவர்கள் தொப்பியை எறிந்து சிரித்தார்கள். இப்போது அந்தப் பயம் போய்விட்டது.

செப்டம்பர் 29, மிக்கேல் திருநாளில் அவருடைய முழுச் சீடனாக உறுதிமொழி எடுக்கிறேன். அதன் பிறகு பழைய பெயர், பழைய உறவு எதுவும் கிடையாது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். ஈஸ்டருக்கு வர முடியாது.

பெர்ட்

ஹாலிஃபாக்ஸ்
3 ஏப்ரல் 1934

அன்புத் தம்பிக்கு,

சுகம், சுகத்துக்கு எழுது என்று நல்லபடியாகத் தொடங்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. பழைய உறவு கிடையாதா? அதை என்னவோ பழைய தொப்பியைத் தூக்கிப் போடுகிற மாதிரி மூன்று சொல்லில் எழுதியிருக்கிறாய். உன்னைப் பெற்றவள் பழைய உறவா? டைபாய்டு வந்தபோது உன் தலைமாட்டில் பதினேழு நாள் உட்கார்ந்தவள் பழைய உறவா? அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியைத் தாண்டிப் போனேன். "பெர்ட் சந்தையில பாடினானா!" என்று அவள் கைதட்டிச் சிரிக்கிறாள்.

என் கடிதத்தை அவரிடம் கொடுத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. இதைக் கொடுக்காதே. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

பாட்டுப் பாடுகிற கூத்தெல்லாம் இருக்கட்டும். ஆலைக் குளத்துச் சங்கதியை மட்டும் அந்த நோட்டில் எழுதித் தொலைக்காதே. உன் சிநேகிதன் ஆர்த்தர் அங்கே உன் கண் முன்னால் மூழ்கிய நாளிலிருந்து நீ முழங்கால் தண்ணீரில்கூட இறங்கியதில்லை. குளிக்கும் தொட்டியில் நீர் ஏறினாலே உதடு நீலமாகிவிடும். அது விளையாடுகிற விஷயம் இல்லை. அந்த மனிதர் எதைக் கேட்டாலும் அதைச் சொல்லாதே. என் தலை மேல் அடித்துச் சத்தியம் செய்.

செப்டம்பருக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்காமல் நான் ஓயமாட்டேன்.

எதெல்

சதுப்பு வீடு
19 மே 1934

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதமானதற்கு வருந்துகிறேன். காய்ச்சலாக இருந்தேன். இப்போது இல்லை.

தண்ணீர் குறித்த பயம் எனக்கு நீங்கிவிட்டது. அதற்கு ஆசானுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். நம் குடும்பத்தின் மீதும், நம் கடிதங்களின் மீதும் ஆசான் மிகுந்த அக்கறை கொண்டிருக்கிறார்.

அப்பாவின் உடம்பு எப்படி இருக்கிறது? மார்புச் சளி குறைந்ததா? நான் எப்போதும் அவர் நினைவாகவே இருப்பதாகச் சொல். அப்பாவைப் பற்றி மறக்காமல் எழுதவும்.

பெர்ட்

ஹாலிஃபாக்ஸ்
22 மே 1934

மதிப்புக்குரிய பெக் அம்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. சதுப்பு வீட்டில் இருக்கும் பெர்ட் சட்கிளிஃப்பின் அக்கா நான். மெதடிஸ்ட் சபைக்கு அடுத்த வீடு என்பதை மட்டும் வைத்து இதை அனுப்புகிறேன். தயவுசெய்து இதை அந்த வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம்.

என் தம்பி, அப்பாவின் உடம்பு எப்படி என்று கேட்டு எழுதியிருக்கிறான். அம்மா, எங்கள் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. சவப்பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கியவனே பெர்ட்தான். அதைப் படித்ததும் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒன்று, அவன் புத்தி பேதலித்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு யாரோ எங்கள் கடிதங்களைப் படிக்கிறார்கள், அதை எனக்குச் சொல்ல அவனுக்கு வேறு வழி இல்லை. எது என்று சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

எதெல் சட்கிளிஃப்

நார்ஃபோக்
30 மே 1934

எதெல் கண்ணுக்கு,

பெக் அம்மா எழுதறது. என் எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கணும். இங்க நானும் என் முட்டிவலியும் சௌக்கியம்.

உன் தம்பிக்குப் புத்தி சரியாத்தான் இருக்கு. கடுதாசி விஷயம் நீ நெனச்சதுதான். தபால்காரர் கொடுக்கறது எல்லாம் நேரா அந்த ஆளு மேசைக்குத்தான் போகும். போற கடுதாசியும் அவர் பாத்து ஒட்டினாத்தான் போகும். இதுக்கு முன்ன இருந்த ரெண்டு பசங்களுக்கும் அதே கதைதான். ஒருத்தன் ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டான். இன்னொருத்தனை அவங்க மாமா வந்து வண்டியில கட்டித் தூக்கிட்டுப் போனாரு.

இதைச் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா நீ கேட்டுட்ட. நீ தண்ணியப் பத்தி எழுதின கடுதாசிய அவர் எனக்கு முன்னாலதான் படிச்சாரு. "பெர்ட், நீ ஒண்ணை எழுதாம மறைச்சிருக்கியே"ன்னு மெதுவாத்தான் கேட்டாரு. மறுநாள் கடல் வத்தியிருந்த நேரம் பாத்து உப்பங்கழிக்குக் கூட்டிட்டுப் போயி, படகு கட்டற முளையில அந்தப் புள்ளையக் கயித்தால கட்டிட்டு, கரையில நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. கடல் ஏறிச்சு. இடுப்பு, மாரு, தாடை வரைக்கும் ஏறிச்சு. அதுக்கு மேல அன்னிக்கு ஏறாதுன்னு அவருக்குத் தெரியும். புள்ளைக்கு அது தெரியாது. அது கத்தினது என் வீட்டு வாசல்ல கேட்டுச்சு கண்ணு. நான் துடைப்பத்தைத் தூக்கிட்டு ஓடினேன். போறதுக்குள்ள தண்ணி எறங்க ஆரம்பிச்சிடுச்சு. அப்புறம் மூணு வாரம் காய்ச்சல்.

ரகசியமா எழுதறதுன்னா எனக்கு எழுது. மாவுக் கூடையில வெச்சுக் குடுத்துடறேன்.

மார்த்தா பெக்

ஹாலிஃபாக்ஸ்
2 ஜூன் 1934

அன்புத் தம்பி பெர்ட்டுக்கு,

நாங்கள் சுகம். அப்பாதான் சுகமில்லை. நீ விசாரித்ததைச் சொன்னேன். கண்ணில் நீர் விட்டார். சளி நெஞ்சில் இறங்கிவிட்டது, மாதக் கடைசி தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "என் மகனை ஒரு தரம் பாத்துட்டாப் போதும்" என்று வாய் ஓயாமல் சொல்கிறார். மரியாதைக்குரிய வெல்லகாட் ஐயாவிடம் கேட்டு உத்தரவு வாங்கிக்கொண்டு உடனே புறப்பட்டு வா. அவரும் ஒரு தகப்பனுக்கு மகனாகப் பிறந்தவர்தானே, மறுக்க மாட்டார்.

எதெல்

(மாவுக் கூடை வழியாக)

பெர்ட், தபாலில் வருவது அவர் படிக்க எழுதியது. இது உனக்கு. உன்னைக் கட்டிய கயிற்றை அவர் கையில் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். எழுதாதே எழுதாதே என்று சொல்லி நானே எழுதி அனுப்பினேன். தறியில் நிற்கும்போது நூலை அறுத்துவிடுகிறேன். மேற்பார்வையாளர் திட்டுகிறார். திட்டட்டும். நீ வந்து சேர்ந்தால் போதும்.

சதுப்பு வீடு
14 ஜூன் 1934

அக்கா,

இதைப் பெக் அம்மா கையில் கொடுக்கிறேன். ஆசான் கண்ணில் படாது. நீ அழாதே. உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அம்மா எப்படி இருக்கிறாள்? என்னைக் கேட்கிறாளா?

தண்ணீரைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. பயம் நீங்கிவிட்டது என்று எழுதியது பொய். இப்போது கோப்பையில் தேநீரைப் பார்த்தாலும் மூச்சு அடைக்கிறது.

நீ எழுதிய பொய்க் கடிதத்தைக் காட்டி விடுப்புக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். "நீ போக வேணாம். நானே போய்ப் பாத்துட்டு வரேன்" என்றார். உடம்பை இங்கே விட்டுவிட்டு உயிர் வடிவில் எங்கும் போய் வரலாம் என்று நான்கு புத்தகங்களில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களைப் படித்துத்தான் அக்கா நான் வீட்டை விட்டே வந்தேன்.

மறுநாள் காலை முட்டையை உடைத்துக்கொண்டே சொன்னார். "உங்க அப்பாவைப் பாத்தேன். அடுப்புப் பக்கத்துல நாற்காலியில, கால்ல கம்பளி போத்திட்டு உக்காந்திருந்தாரு. நான் வந்தது அவருக்குத் தெரிஞ்சுது. 'பையன் உங்ககிட்டயே இருக்கட்டும், என்னைவிட அவன் வேலை பெருசு'ன்னார். மனுஷன் தங்கம்டா."

அப்பா பேசினாராம்! தலையைக் குனிந்துகொண்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன். சிரித்துவிடுவேனோ என்று பயம். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் புத்தகங்களைப் படித்துப் படித்து, ஒரு சந்தேகமும் இல்லாமல் இரண்டு வருடம் அவரை நம்பினேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அக்கா. ஒன்றுமே தெரியவில்லை.

இன்னும் காட்டிக்கொள்ளவில்லை. ஜூன் 23, சனிக்கிழமை மூன்றேகால் வண்டிக்கு ஹாலிஃபாக்ஸ் வந்து இறங்குவேன். ஸ்டேஷனுக்கு நீ மட்டும் வா.

உன் தம்பி,
பெர்ட்

ஹாலிஃபாக்ஸ்
9 ஜூலை 1934

(மாவுக் கூடை வழியாக)

அன்புத் தம்பிக்கு,

அம்மா சுகம், நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. 23ஆம் தேதி ஸ்டேஷனுக்குப் போனேன். மூன்றேகால் வண்டி வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். அடுத்த வண்டியும் பார்த்தேன், அதற்கு அடுத்ததும் பார்த்தேன். போர்ட்டர் வந்து, "யாரும்மா வரணும், மாப்பிள்ளையா?" என்று கேலி செய்தார். "என் தம்பி" என்றதும் அவர் முகம் மாறிப்போய் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. மறு சனிக்கிழமையும் போனேன். அம்மா உனக்கென்று பார்க்கின் கேக் செய்து தகர டப்பாவில் வைத்திருக்கிறாள். கண் தெரியாமல் இஞ்சியை அள்ளிப் போட்டிருக்கிறாள், வாயில் வைக்க முடியாது, ஆனாலும் நீ சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

உன்னைப் பிடித்துக்கொண்டாரா? பூட்டி வைத்திருக்கிறாரா? திரும்பவும் அந்தக் கழிக்குக் கொண்டுபோனாரா? பெக் அம்மாவிடமிருந்தும் பதில் இல்லை. உயிரோடு இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை எழுது. ஒரு வார்த்தை போதும்.

எதெல்

சதுப்பு வீடு
17 ஆகஸ்ட் 1934

எதெல்,

பெக் அம்மாவை ஜூலையிலேயே வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். அவர் வந்து கதவைத் தட்டி உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். இனி நேராக இந்த முகவரிக்கே எழுதலாம். கடிதங்களை நான்தான் வாங்குகிறேன்.

யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. புறப்படுவதற்கு முதல்நாள் பெட்டியைக் கட்டிக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் மேசையில் உட்கார்ந்தேன். அவர் சூப் குடித்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா செத்து ஆறு வருஷம் ஆச்சு, ஐயா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கரண்டி கீழே விழுந்தது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளிய சொல்லிடாதடா பெர்ட். நீயும் போயிட்டா எனக்கு யாருடா இருக்கா?" என்றார். அந்தக் கை என் விரல்களை விடவில்லை. நான்கு மாதம் நான் பார்த்துப் பயந்த கை. என்னைப் பார்த்து ஒருவர் பயப்படுவதை என் வாழ்க்கையில் முதல் தடவை பார்த்தேன். பெட்டியை மாடிக்கே திரும்ப எடுத்துப் போனேன்.

அவருடைய அலமாரிச் சாவி இப்போது என்னிடம். அதில் அவருடைய கறுப்பு நோட்டு இருந்தது. முப்பது வருடம் முன்பு அவர் சீடனாக இருந்தபோது எழுதியது. எல்லாப் பயத்தையும், தீர்ந்தது என்று அவருடைய ஆசான் சிவப்பு மையால் கோடு போட்டு அடித்திருக்கிறார். ஒன்றை மட்டும் அடிக்கவில்லை. அதற்குள் அந்த ஆசான் செத்துப்போயிருக்கிறார். அந்த வரி: "நான் கூப்பிடும்போது யாரும் திரும்பிப் பார்க்காத நாள்."

அதை நான் முடித்து வைக்கிறேன். அவர் கூப்பிட்டால் நான் பதில் சொல்வதில்லை. எதிரில் வந்து நின்றால் அவர் தோளுக்கு மேலாக ஜன்னலைப் பார்க்கிறேன். மேசையில் ஒரு தட்டுதான் வைக்கிறேன். முதல் வாரம் கத்தினார். இரண்டாவது வாரம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இப்போது மெதுவாகத் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு அறை அறையாக நடக்கிறார். இன்று நாற்பத்தோராவது நாள். அவர் எனக்குச் செய்ததில் கோபம் எதுவும் எனக்கு இல்லை. அவர் பொய்யர்தான். ஆனால் முறை பொய்யில்லை. அது வேலை செய்கிறது.

ஏழாவது நூல் முடிந்தது. பாதிக்கு மேல் நான் எழுதியதுதான். என் முழுப் பெயரிலேயே வரும். 28ஆம் தேதி செவ்வாய்க்கிழமை லண்டன் போய்ப் பதிப்பாளரைப் பார்க்கிறேன். மிக்கேல் திருநாளுக்கு இரண்டு சீடர்கள் வருகிறார்கள். அதற்கு முன் செப்டம்பர் முதல் தேதி சனிக்கிழமை வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்குவேன். நீ இத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாய். உங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். நீ எதுவும் எழுத வேண்டாம். உனக்கு எதில் பயம் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும்.

ஹெர்பர்ட் சட்கிளிஃப்

ஹாலிஃபாக்ஸ்
30 ஆகஸ்ட் 1934

பெர்ட்டுக்கு,

லண்டனிலிருந்து திரும்பியதும் இது உன் கையில் இருக்கும். வீடு காலியாக இருப்பதையும் பார்த்திருப்பாய். தேடாதே. உன் ஆசானை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அம்மாவுக்குப் படிக்கவில்லை. எங்கள் உடம்பு எப்படி என்று ஒரு சொல் கேட்டிருக்கிறாயா என்று தேடினேன். பிறகு மேபலிடம் அம்மாவை ஒப்படைத்துவிட்டு, திங்கட்கிழமையே ரயிலேறி, பெக் அம்மா வீட்டில் தங்கினேன். செவ்வாய்க்கிழமை நீ ஸ்டேஷன் வண்டியில் ஏறிப் போவதை ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். நல்ல கோட்டு, புதுத் தொப்பி. சொந்தத் தம்பியைப் பார்த்ததும் நான் தலையைக் குனிந்து ஒளிந்துகொண்டேன், பெர்ட். பெக் அம்மாதான் முதுகைத் தடவி, "போயிட்டான் கண்ணு, எழுந்திரு" என்றார்.

அவரிடம் சதுப்பு வீட்டின் பின்கட்டுச் சாவி இன்னும் இருந்தது. நாங்கள் உள்ளே போனபோது உன் ஆசான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் சுவரோடு சுவராக நின்றிருந்தார். அந்தப் படத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிற ஆளையே மனத்தில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். உன்னைக் கட்டிப்போட்டவர் முகத்தில் துப்ப வேண்டும் என்றே போயிருந்தேன். அங்கே நின்றது எலும்பும் தோலுமாக ஒரு கிழவர். எங்களைப் பார்த்ததும் வழியை விட்டு ஒதுங்கினார். நாங்கள் இடித்துவிட்டு நேரே நடந்து போய்விடுவோம் என்று நினைத்திருக்கிறார்.

"வணக்கம் ஐயா" என்றேன்.

பின்னால் யாரோ இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "என்கிட்டயா?"

"உங்ககிட்டதான். வேற யாரு இருக்கா இங்க?"

"அப்போ நான்... உங்க கண்ணுக்குத் தெரியறேனா?"

"தெரியாம என்ன? சட்டைப் பொத்தானை மேலயும் கீழயுமா மாட்டியிருக்கீங்க. கோட்டை எடுங்க, கிளம்பலாம்."

பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அழுதார். நான்தான் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டேன். வழியெல்லாம் என் கையை விடவில்லை. ஒவ்வொரு நூறு அடிக்கும் "அம்மணி?" என்பார். "இருக்கேன்" என்பேன். பெக் அம்மா வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே அவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். திட்டு வாங்க வாங்க அவருக்கு முகம் தெளிந்தது. இப்போது அவரைக் கவனிக்கிற ஆட்களிடம் இருக்கிறார். எங்கே என்று சொல்ல மாட்டேன். அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன்.

வருவதற்கு முன்னால் உன் மேசையைப் பார்த்தேன். புது நோட்டுகள் நான்கு இருந்தன. இரண்டில் வரப்போகிற சீடர்களின் பெயர். அவர்கள் வீட்டுக்கு நான் எழுதிவிட்டேன். ஒன்றில் என் பெயர். அதைத் திறக்கவில்லை. நான்காவதில் "அம்மா" என்று எழுதியிருந்தது. அதைத் திறந்தேன். முதல் பக்கத்தில் உன் அழகான கையெழுத்தில்: "கண் தெரியாதவள். குரலை வைத்தே வீட்டை அறிகிறாள். ஒரு வாரம் வீட்டில் எந்தக் குரலும் இல்லாவிட்டால்?" அப்புறம் தேதி. செப்டம்பர் 1.

அதை எடுத்துவந்து பெக் அம்மாவின் அடுப்பில் போட்டு எரித்தேன். எரிந்து முடியும்வரை நின்று பார்த்தேன்.

உன்னை நான் தூக்கி வளர்த்தேன். அந்த மனிதர் உன்னை இப்படி ஆக்கினாரா, அதற்கு நான் எழுதிய கடிதம்தான் காரணமா, இது முன்பே உனக்குள் இருந்ததா, எனக்குத் தெரியவில்லை. அதை யோசித்தால் தூக்கம் வருவதில்லை. ஒரு நாள் நீ பழையபடி எழுதுவாய் என்று இப்போதும் ஆசைப்படுகிறேன். அன்றைக்கு நானே ஓடி வருவேன்.

அம்மா காலையிலிருந்து உன் அறையில் இருக்கிறாள். போர்வையைத் தடவித் தடவிச் சுருக்கம் எடுக்கிறாள். நீ சனிக்கிழமை வருவதாக மேபல் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

ஆறு மாதமாக வீட்டுக்கு வா, வீட்டுக்கு வா என்றுதான் உனக்கு எழுதினேன். இப்போது வராதே என்று எழுதுகிறேன். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். நீ தட்டுவாய். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாய். உன் குரல் கேட்டு அம்மா, "எதெல், பெர்ட்டுடி, பெர்ட் வந்துட்டான்டி" என்று எழுந்து ஓடி வருவாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். உனக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

எதெல்